சொல்லுக்குப் பழைய பொருள்தான் சரியான பொருளா?

கேள்வி இது: "'முயற்சித்தார்' என்று எழுதினால் தவறு என்கிறார்கள். 'அருகாமை' என்றால் நேர்மாறான பொருள் வந்துவிடும் என்கிறார்கள். ஆனால் பார்க்கும் இடமெல்லாம் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஒரு சொல் சரியா தவறா என்பதை யார் முடிவு செய்வது? பழைய நூலா, இன்றைக்குப் பேசுகிறவர்களா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லுக்கு இன்றைக்கு என்ன பொருள் என்பதை இன்றைக்கு அதைப் புழங்குகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அதைத் தடுக்கும் அதிகாரம் பழைய பொருளுக்குக் கிடையாது. அதே சமயம், பழைய பொருளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு. தெரியாமல் போனால் பழைய நூல்களைத் தப்பாகப் படிப்போம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சொல் பற்றிய சண்டைகளில் முக்கால்வாசி வருகின்றன.

எல்லாருக்கும் தெரிந்த 'நாற்றம்' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்று ஐம்புலன்களை வள்ளுவர் வரிசைப்படுத்துகிறார். அங்கே நாற்றம் என்றால் மூக்கு அறியும் எதுவும். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. இன்னோர் இடத்தில் அரும்புக்குள் அடங்கியிருக்கும் மணத்தை 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' என்கிறார். ஆண்டாள் வெண்சங்கைப் பார்த்து, கண்ணனின் வாய் 'கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ' என்று ஏக்கத்தோடு கேட்கிறாள். இன்றைக்கு ஒருவரிடம் போய் உங்கள் வாய் நாறுகிறது என்று சொல்ல முடியுமா?

இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதற்கு மொழிக்குள்ளேயே தடயம் இருக்கிறது. 'துர்நாற்றம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். நாற்றம் என்பதே கெட்டது என்றால் அதன் முன்னால் 'துர்' எதற்கு? அந்தச் சொல் உருவான காலத்தில் நாற்றம் இன்னும் பொதுச்சொல்லாகத்தான் இருந்தது, கெட்டதைக் குறிக்க அடைமொழி தேவைப்பட்டது என்பதை அந்த ஓர் எழுத்துக்கட்டு காட்டிக்கொடுக்கிறது. அப்புறம் மணம், வாசம், வாசனை எல்லாம் நல்ல பக்கத்தை எடுத்துக்கொண்டன. மிச்சமிருந்த கெட்ட பக்கம் நாற்றத்துக்குப் போனது. கெட்டதை நேராகச் சொல்லக் கூச்சப்பட்டுப் பொதுச்சொல்லால் மறைத்துச் சொல்வதும் மனித இயல்பு; மறைக்கப் பயன்பட்ட சொல்லே நாளடைவில் கறைபட்டுவிடும். மலையாளத்திலும் இதே கதைதான், அங்கேயும் நாற்றம் கெட்ட வாடைக்கு உரியதாகிவிட்டது. இதை எழுதும்போது கவனிக்கிறேன், 'வாடை' என்பதும் அப்படி வந்ததே. சங்கப் பாடல்களில் அது வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று. காற்றிலிருந்து காற்று கொண்டுவரும் வாசத்துக்கு நகர்ந்து, இப்போது அதுவும் மெல்லக் கெட்ட பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது.

எல்லா மாற்றமும் இறக்கம் இல்லை. எள் + நெய் என்பதுதான் எண்ணெய். நெய் என்பது அந்தக் காலத்தில் பொதுச்சொல். எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய். அது விரிந்து விரிந்து எல்லா வித்துகளிலிருந்தும் பிழிவதற்குப் பொதுப்பெயராகிவிட்டது. தேங்காய் எண்ணெய் வந்தது, கடைசியில் மண்ணெண்ணெயும் வந்தது. பிரித்துப் பார்த்தால் மண்ணும் எள்ளும் நெய்யும் ஒன்றாகக் கிடக்கின்றன, ஆனால் யாருக்கும் அங்கே எள் கண்ணில் படுவதில்லை. தன் பெயரை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்ட எள்ளின் எண்ணெய்க்குப் புதுப்பெயர் தேவைப்பட்டு அது 'நல்லெண்ணெய்' ஆனது. எண்ணெய் இப்படி விரிய, நெய் சுருங்கிப் பாலிலிருந்து வரும் பொருளோடு நின்றுவிட்டது. எதிரெதிர்த் திசையில் நகர்ந்த இந்த இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள். இதையெல்லாம் எடுத்துச் சொல்லி "தேங்காய் எண்ணெய் என்பது பிழை, தேங்காய் நெய் என்றே சொல்ல வேண்டும்" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்லும் வரலாறு சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'செலவு'. செல் என்ற வினையிலிருந்து வந்தது, ஆகவே செல்லுதல், பயணம். சங்கக் காதல் பாடல்களில், பொருள் தேடப் பாலைநிலம் கடந்து போவது தலைவனின் செலவு. புறப்படத் துணிந்தவன் தலைவியின் வாட்டத்தைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிவைப்பது 'செலவழுங்கல்'. தொல்காப்பியமே இதைப் பேசுகிறது: செலவிடை அழுங்கல் என்பது போகாமலே இருந்துவிடுவது இல்லை, அவளைத் தேற்றிவிட்டுப் போவதற்காகக் கொஞ்சம் தாமதிப்பது என்கிறது. முதன்முறை இந்தத் துறைப்பெயரைப் படிக்கும் மாணவர், பணம் செலவாகிவிட்டதே என்று வருந்துவது போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். கையை விட்டுப் பணம் செல்வதும் செலவுதானே, அப்படித்தான் பொருள் நகர்ந்தது. கூடவே 'வரவு' என்பதும் வருகையிலிருந்து வருமானத்துக்குப் போனது. ஆனால் 'நல்வரவு' என்று வாசலில் எழுதும்போது பழைய பொருள் அப்படியே நிற்கிறது. பழைய பொருள்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிழைக்கின்றன, ஏதாவது ஒரு தொடரில் ஒட்டிக்கொண்டு. 'துப்புக் கெட்டவன்' என்று திட்டும்போது அந்தத் 'துப்பு' துப்பறிவாளர் தேடும் துப்பு இல்லை; வலிமை, திறமை என்ற பழைய துப்பு.

சரி, இலக்கணம் என்ன சொல்கிறது? பழைய இலக்கண நூல்கள் எல்லாம் மாற்றத்துக்கு எதிரி என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. உண்மையில் தொல்காப்பியர் 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். காலத்தால் வழக்குக்கு வந்துவிட்ட சொல்லைக் கூடாது என்று விலக்குவதற்கில்லை என்பது அதன் கருத்து. நன்னூல் இன்னும் வெளிப்படையாக, 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே' என்கிறது. மறுபக்கம் வாதாடுகிறவர்களுக்கும் தொல்காப்பியத்தில் நூற்பா உண்டு: 'வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே.' அந்த 'உயர்ந்தோர்' யார் என்பதில்தான் சிக்கல். என் வரையில், மொழியை அக்கறையோடு கையாளுகிறவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பிறப்பாலோ பட்டத்தாலோ அந்த இடம் யாருக்கும் கிடைப்பதில்லை.

தொல்காப்பியத்தில் இன்னொரு நூற்பா இருக்கிறது. இந்த விவாதத்தில் அதை யாரும் எடுத்துக் காட்டாதது எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒருவரை 'அவர்' என்று பன்மையில் சொல்வது வழக்கினால் வந்த உயர்சொல், 'இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல' என்கிறது. அதாவது, ஒரே ஒரு மனிதரைப் பற்றி 'அவர் வந்தார்' என்பது இலக்கண நெறிப்படி சரி இல்லை, ஆனால் மரியாதைக்காக மக்கள் சொல்கிறார்கள், அதனால் ஏற்றுக்கொள்கிறோம் என்கிறார் நூலாசிரியர். இன்றைக்கு அதை விட்டுவிட்டு யாராலும் ஒரு பத்தி நாகரிகமாக எழுத முடியாது. அதோடும் நிற்கவில்லை. 'கள்' என்ற விகுதி தொல்காப்பியத்தில் அஃறிணைப் பன்மைக்கு உரியது. குறளுக்கு வரும்போதே 'மற்றையவர்கள்', 'பூரியர்கள்' என்று மனிதர்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிறகு 'அவர்' ஒருமை ஆகிவிட்டதால் பலரைச் சொல்ல 'அவர்கள்' தேவைப்பட்டது. கொஞ்ச காலத்தில் அந்த 'அவர்கள்' என்பதும் தனி ஒருவருக்கு மரியாதைச் சொல்லானது. மேடையில் 'தலைவர் அவர்கள்' என்று அழைக்கிறோமே, அது இலக்கண விலக்கின் மேல் ஏறி நிற்கும் இன்னொரு விலக்கு. இதைப் பிழை என்று திருத்த யாரும் வரமாட்டார்கள்.

தூய பொருள் பார்ப்பவர்களுக்கு நான் வழக்கமாகக் காட்டும் சொல் 'கழகம்'. குறளில் சூது அதிகாரத்தில் 'கழகத்துக் காலை புகின்' பழைய செல்வமும் பண்பும் கெடும் என்று வருகிறது. அங்கே கழகம் என்றால் சூதாடும் இடம். கம்பர் காலத்தில் அது 'கலைதெரி கழகம்', கலைகள் பயிலும் இடம். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் அதையொட்டி வந்த முயற்சிகளும் வடசொற்களுக்கு ஈடு தேடியபோது, சர்வகலாசாலைக்குப் பதிலாகப் பல்கலைக்கழகம் நிலைபெற்றது. அதே காலத்தில்தான் நமஸ்காரம் போய் வணக்கம் வந்தது, அபேட்சகர் வேட்பாளரானார், பிரசங்கம் சொற்பொழிவானது. அந்த இயக்கம் செய்த வேலையைப் பெரிதும் மதிக்கிறேன். இன்று நாம் யோசிக்காமல் எழுதும் எத்தனையோ சொற்கள் அவர்கள் உழைப்பு. ஆனால் அவர்களுமே பழைய பொருளைப் பார்த்து எல்லாச் சொல்லையும் எடுக்கவில்லை. ஒரு சொல்லின் ஆதிப்பொருள்தான் அதன் உண்மைப்பொருள் என்றால், பல்கலைக்கழகம் என்ற பெயரை முதல் வேலையாக மாற்ற வேண்டும்.

இப்போது இன்றைய சண்டைகளுக்கு வருகிறேன்.

'முயற்சித்தார்' எப்படி வந்தது என்று பார்த்தால் அதில் ஒரு நியாயம் தெரியும். முயல் என்பது வினை. முயன்றார் என்று வரும். முயற்சி அதன் பெயர்ச்சொல். பெயர்ச்சொல்லின் மேல் மறுபடியும் வினை விகுதி ஏற்றக் கூடாது என்பது எதிர்ப்பவர்களின் வாதம். ஆனால் தமிழில் யோசித்தார், சிந்தித்தார், வாசித்தார், சாதித்தார் என்று இகரத்தில் முடியும் பெரிய வினைக்கூட்டமே இருக்கிறது. முயற்சி என்பதும் இகரத்தில் முடிவதால் காது அதை அந்த வரிசையில் சேர்த்துவிட்டது. சேர்த்தது அந்த ஒன்றை மட்டும்தான். பயிற்சித்தார் என்றோ மகிழ்ச்சித்தார் என்றோ யாரும் சொல்வதில்லை. நான் எழுதும்போது 'முயன்றார்' என்றுதான் எழுதுவேன், அது குறுகியது, இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் மற்றதை எழுதுகிறவருக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லமாட்டேன்.

'அருகாமை'க்கு எதிரான வாதம் இன்னும் கூர்மையானது. கல்லாமை, செய்யாமை என்பவற்றில் வரும் 'ஆமை' எதிர்மறை. அருகுதல் என்றால் குறைதல் என்றும் பொருள் உண்டு. அப்படியானால் அருகாமை என்பது அருகில் இல்லாமை, அல்லது குறையாமை அல்லவா ஆகும் என்கிறார்கள். பகுத்துப் பார்த்தால் சரிதான். ஆனால் 'பள்ளிக்கு அருகாமையில் வீடு' என்று படித்துவிட்டு வீடு தொலைவில் இருக்கிறது என்று புரிந்துகொண்டவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். பொருள் குழம்பாத இடத்தில் சண்டை போடுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. 'அருகில்' என்று எழுதினாலே போதும் என்பது வேறு விஷயம்.

'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' சண்டைக்கு ஆண்டுக்கொரு முறையாவது எல்லாரும் களமிறங்குகிறார்கள். வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் (வாழ்த்து என்பதில் போல, வல்லின மெய்யை அடுத்து வரும் குறுகிய உகரத்துக்குப் பின்) வல்லினம் மிகும் என்று ஒரு தரப்பு, 'கள்' தனிச்சொல் இல்லை, வெறும் விகுதி என்று மறு தரப்பு. நான் ஒற்று இல்லாமல் எழுதுகிறேன். மற்றதைத் திருத்துவதில்லை.

திருத்தும் இடங்களும் எனக்கு உண்டு. 'நினைவு கூறினார்' என்று வந்தால் கட்டாயம் 'நினைவுகூர்ந்தார்' என்று மாற்றுவேன். கூறுதல் சொல்லுதல், கூர்தல் மிகுதல். 'அன்புகூர்ந்து' என்பதில் இருப்பது அதே கூர்தல். 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்கிறது தொல்காப்பியம், இருப்பதை இன்னும் மிகுவிப்பது என்று. இலங்கைப் பாடநூல்களில் உயிர்களின் பரிணாமத்துக்குக் கூர்ப்பு என்றே பெயர். பெரும்பாலான வட்டாரங்களில் ர, ற ஒலிப்பு வேறுபாடு மங்கிவிட்டதால் இரண்டு சொற்களும் எழுத்திலும் கலக்கின்றன. கலக்க விட்டால், வளமான ஒரு வினையைச் சும்மா இழந்துவிடுவோம். 'சுவற்றில்' என்பதையும் 'சுவரில்' என்று மாற்றுவேன். கிணறு கிணற்றில், ஆறு ஆற்றில் என்பதைப் பார்த்து வந்த வடிவம் அது; ஆனால் அவை று என்று முடிகிறவை. சுவர் என்ற சொல் எல்லார் வாயிலும் அப்படியே இருக்கும்போது சுவரில் என்று எழுதுவதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. என் அளவுகோல் இவ்வளவுதான்: படிப்பவர் தடுமாறுகிறாரா, மாற்றத்தால் ஒரு வேறுபாடு அழிகிறதா, பழைய வடிவம் இன்னும் உயிரோடு இருக்கிறதா. இவற்றில் எதற்கும் ஆம் என்ற பதில் வராவிட்டால் வழக்கோடு போய்விடுவேன்.

'கறுப்பு', 'கருப்பு' இரண்டுக்கும் நடக்கும் வழக்கில் இன்னொரு சுவையான விஷயம் ஒளிந்திருக்கிறது. நிறத்துக்கு வல்லின றகரம்தான் வேண்டும், கருப்பு என்றால் பஞ்சம், 'கருப்பஞ்சாறு' என்பதில் போலக் கரும்பு என்றும் வரும் என்பார்கள். சரி. ஆனால் தொல்காப்பியத்தைப் புரட்டினால் 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று இருக்கிறது. முதலில் கோபத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவில்தான் இவை நிறத்தையும் உணர்த்தும் என்கிறார். நிறம் அங்கே இரண்டாம் இடம்! 'மனசுக்குள் கறுவிக்கொண்டிருக்கிறான்', 'கண் சிவந்துவிட்டது' என்று சொல்லும்போது அந்த முதல் பொருள் இன்றும் எட்டிப்பார்க்கிறது.

மிகுதியைக் காட்டும் சொற்கள்தான் எல்லாவற்றிலும் வேகமாகத் தேய்பவை. 'அநியாயத்துக்கு நல்லவர்', 'பயங்கரமான அழகு' என்று கேட்டு வருந்துகிறவர்கள் உண்டு. உறு, தவ, நனி மூன்றும் மிகுதி என்ற பொருளைத் தரும் என்று தொல்காப்பியம் எழுதிவைத்த சொற்களில், நனி மட்டும் 'நனி சிறந்தது' என்று அவ்வப்போது தலைகாட்டுகிறது. மற்ற இரண்டும் பேச்சிலிருந்து போய்விட்டன. மிகைச்சொல் பழகப் பழக வலுவிழக்கும், வலுவிழந்ததும் புதிதாக ஒன்று வரும். இன்றைக்கு 'செம'.

காலம் மட்டும்தான் பொருளை மாற்றும் என்றும் இல்லை, கடலும் மாற்றும். ஈழத்தில் கதைப்பதுதான் உரையாடல். 'அம்மா பேசுவா' என்றால் அம்மா திட்டுவார். 'ஆறுதலாக வாங்கோ' என்றால் அவசரப்படாமல் வாருங்கள். தமிழ்நாட்டுக்காரர் இதைக் கேட்டு அது தவறான பயன்பாடு என்று சொல்ல என்ன உரிமை இருக்கிறது? ஒரே காலத்தில் இரண்டு இடத்தில் இரண்டு சரி இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்ள முடிந்தால், ஒரே இடத்தில் இரண்டு காலத்தில் இரண்டு சரி இருக்கலாம் என்பதையும் ஏற்றுக்கொள்ளலாம்.

இப்போது நான் உண்மையிலேயே கவலைப்படும் இடம். இன்றைய பொருளைத் தூக்கிக்கொண்டு பழைய நூலுக்குள் போவது. காமத்துப்பால் என்ற பெயரைக் கேட்டதும் கூசுகிறவர்கள் இருக்கிறார்கள். குறுந்தொகைப் பாட்டு 'காமம் காமம் என்ப' என்று தொடங்கும்போது அது பேசுவது, இன்று காதல் என்ற சொல்லில் நாம் அடக்குவதையும் சேர்த்துத்தான். உடல் இச்சை என்று சுருங்கியது பிற்பாடு. தொல்காப்பியத்தில் கற்பு என்பது பெற்றோர் கொடுக்கச் சடங்கோடு நடக்கும் மணவாழ்க்கை; களவு என்ற மறைவான காதலுக்கு அடுத்த கட்டம். இன்று அந்தச் சொல்லுக்கு இருக்கும் பாரத்தை அந்த நூற்பாவின் மேல் ஏற்றினால், நூலில் இல்லாத ஒன்றைப் படிக்கிறோம். சிலப்பதிகாரத்தில் வாயிலோன் கண்ணகிக்குக் 'கோயில்' காட்டினான் என்றால் அது அரசனின் மாளிகை. கோவின் இல். அங்கே தெய்வ சன்னிதியைக் கற்பனை செய்துகொண்டால் காட்சியே மாறிவிடும். 'முயற்சித்தார்' என்று எழுதுவதால் தமிழுக்கு ஒரு சேதமும் இல்லை. இந்த மாதிரித் தப்பாகப் படிப்பதால்தான் சேதம்.

அதேபோல, "இந்தச் சொல்லின் உண்மையான பொருள் தெரியுமா?" என்று தொடங்கி, கேட்க இனிமையான ஒரு கதையோடு சொல்லைப் பிரித்துக் காட்டும் செய்திகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார்: சொல்லுக்கு ஏன் அந்தப் பொருள் வந்தது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடாது. பிரித்தால் அழகாக வருகிறது என்பது ஆதாரம் இல்லை. பழைய பாட்டில் அந்தப் பொருளில் அந்தச் சொல் வந்திருக்க வேண்டும்.

நீங்களே தேடிப் பார்க்க விரும்பினால், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் பழைய பொருளும் அது வரும் நூலும் இருக்கும். இன்றைய எழுத்துத் தமிழில் ஒரு சொல் எப்படி வழங்குகிறது என்று தெரிய, 1992-இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். சங்கப் பாடலுக்குக் க்ரியாவையும் செய்தித்தாளுக்குப் பேரகராதியையும் எடுத்தால் வீண் சண்டைதான் மிஞ்சும்.